இடிபாடுகள் கற்பிக்கும் பாடம்

முன்னுரை

இயற்கையின் சீற்றங்களைப் பற்றி நாம் எவ்வளவோ படித்திருக்கிறோம். நிலநடுக்கம், எரிமலை, வெள்ளம், புயல் ஆகியவை எவ்வாறு உண்டாகின்றன என்பதை நம் பாடநூல்கள் படங்களுடன் விளக்குகின்றன. ஆனால் சீற்றம் அடங்கிய மறுநாள் காலையில் என்ன நடக்கிறது? காயமுற்றோரை மருத்துவமனைக்குக் கொண்டு செல்கின்றனர். இறந்தோரை அடக்கம் செய்கின்றனர். வீடிழந்தோருக்கு உணவும் உடையும் வழங்குகின்றனர். இவர்களோடு, கையில் வரைபடமும் அளவு நாடாவும் கொண்டு இடிபாடுகளுக்கிடையே மெல்ல நடந்து செல்லும் சிலரும் உண்டு. விழுந்த மரம் எத்திசையில் கிடக்கிறது என்று குறித்துக் கொள்கின்றனர். பெயர்ந்து போன சுவரின் அடியில் எஞ்சியிருக்கும் ஆணியைக் குனிந்து பார்க்கின்றனர். இத்தனை துயரத்திற்கிடையே இந்த வேலை தேவைதானா என்று கேட்கத் தோன்றும். தேவையே என்பதையும், அதனால் விளைந்த நன்மை எத்தகையது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம். இதற்குச் சான்றாக, அமெரிக்க ஐக்கிய நாட்டின் நாட்டுப்புறங்களைத் தாக்கும் டொர்னாடோ என்னும் சுழற்காற்றை எடுத்துக் கொள்வோம்.

சுழற்காற்றும் புயலும்

வங்கக் கடலில் தோன்றி நம் கரையைத் தாக்கும் புயல் பல நூறு கிலோமீட்டர் அகலமுடையது. பல நாட்கள் கடலில் நகர்ந்து வருவது. சுழற்காற்றோ இடிமேகத்தின் அடியிலிருந்து யானைத் துதிக்கை போலத் தொங்கி நிலத்தைத் தொடும் காற்றுத் தூண். அதன் அகலம் பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள் அடங்கும். ஆயுளோ சில நிமிடங்கள். அரிதாக ஒரு மணி நேரத்திற்கும் மேல் நீடிப்பதுண்டு. கோடை நண்பகலில் வெட்டவெளியில் சருகையும் புழுதியையும் சுழற்றிக்கொண்டு எழும் காற்றை நாம் பார்த்திருக்கிறோம். அது சூடேறிய தரையிலிருந்து எழுவது, தீங்கு செய்யாதது. சுழற்காற்று மேகத்திலிருந்து பிறப்பது. வீட்டை அடியோடு பெயர்க்க வல்லது.

மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வரும் ஈரமான வெப்பக் காற்றும், மேற்கிலுள்ள ராக்கி மலைத்தொடரைத் தாண்டி வரும் உலர்ந்த காற்றும் அமெரிக்காவின் நடுச் சமவெளியில் சந்திக்கின்றன. தரையருகே ஒரு திசையிலும் உயரே வேறொரு திசையிலும் காற்று வீசும்போது மேகமே சுழலத் தொடங்குகிறது. இதனால் அந்நாட்டில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,200 சுழற்காற்றுகள் தோன்றுகின்றன. சில நாட்களில் ஒரே காற்றமைப்பிலிருந்து பத்துப் பதினைந்தல்ல, நூற்றுக்கும் மேற்பட்டவை தோன்றுவதும் உண்டு.

1965-ஆம் ஆண்டுக் குருத்து ஞாயிறு

1965 ஏப்ரல் 11 குருத்து ஞாயிறு. நீண்ட குளிர்காலத்திற்குப் பின் வெயில் இதமாக இருந்த நாள். அயோவா, விஸ்கான்சின், இல்லினாய், இந்தியானா, மிச்சிகன், ஒகாயோ ஆகிய ஆறு மாநிலங்களில் நண்பகல் தொடங்கி நள்ளிரவு வரை நாற்பதுக்கும் மேற்பட்ட சுழற்காற்றுகள் வீசின. 250-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இந்தியானா மாநிலத்தில் மட்டும் இறந்தோர் 137 பேர். அம்மாநிலத்தின் டன்லப் என்ற ஊரில் ஒரு சுழற்காற்று அடித்து ஓய்ந்து, மக்கள் காயமுற்றோரைத் தேடிக் கொண்டிருந்தபோதே, ஒரு மணி நேரத்திற்குள் மற்றொன்றும் வந்து தாக்கியது.

திருநாளன்று இத்தகைய அழிவு ஏன் என்று கேட்ட உள்ளங்கள் பல இருந்திருக்கும். சிலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் மடிந்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று எண்ண வேண்டாமென நம் ஆண்டவர் கூறியதை லூக்கா நற்செய்தியில் வாசிக்கிறோம். ஆகவே இறந்தவர்களிடம் குற்றம் தேடுவது நமக்குத் தகாது. ஆயினும் அவர்கள் ஏன் காப்பாற்றப்படவில்லை என்று கேட்பது நம் கடமை. அமெரிக்க வானிலைத் துறை அந்தக் கேள்வியைத் தனக்குத்தானே கேட்டுக்கொண்டது.

விடை வியப்பூட்டுவதாக இருந்தது. எச்சரிக்கைகள் அனுப்பப்பட்டிருந்தன. ஆனால் மின்கம்பங்களும் தொலைபேசிக் கம்பிகளும் அறுந்ததால் பல இடங்களுக்கு அவை எட்டவில்லை. விடுமுறை நாளாதலால் வெளியே சென்றிருந்த பலர் வானொலி கேட்கவில்லை. கேட்டவர்களிலும் பலருக்கு, 'சுழற்காற்று வரக்கூடும்' என்ற முன்கணிப்புக்கும், 'இதோ வந்துவிட்டது' என்ற எச்சரிக்கைக்கும் வேறுபாடு தெரியவில்லை. இந்த ஆய்வுக்குப் பின்னர், விழித்திருக்கச் சொல்லும் அறிவிப்புக்கு ஒரு பெயரும், உடனே பதுங்கச் சொல்லும் எச்சரிக்கைக்கு வேறொரு பெயரும் நிலைபெற்றன. இன்றும் அந்நாட்டுக் குழந்தைகள் பள்ளியில் கற்கும் முதற்பாடங்களுள் இவ்விரு சொற்களும் உண்டு.

இடிபாடுகளைப் படித்த அறிஞர்

அந்த ஞாயிறு கழிந்ததும், சிறிய விமானமொன்றில் ஏறி, அழிவின் பாதைகளுக்கு மேலே பறந்து பறந்து படமெடுத்தவர் சிகாகோ பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் டெட்சுயா ஃபுஜிட்டா. சேத ஆய்வு என்ற கலையை ஒரு விஞ்ஞானமாக உயர்த்தியவர் இவரே எனலாம்.

இவர் 1920-இல் ஜப்பானின் கியூஷு தீவில் பிறந்தார். 1945 ஆகஸ்டு 9 அன்று அணுகுண்டு வீசப்படுவதற்குக் குறிக்கப்பட்டிருந்த முதல் இலக்கு கொக்குரா நகரம். ஃபுஜிட்டா அதன் அருகிலிருந்த கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். அன்று கொக்குராவின் மேல் மேகமும் புகையும் சூழ்ந்திருந்ததால் விமானம் நாகசாகிக்குத் திரும்பியது. ஜப்பானியக் கத்தோலிக்கரின் பழம்பெரும் உறைவிடமான உரக்காமி பகுதியும் அதன் பேராலயமும் அந்தக் குண்டுக்கு இரையாயின என்பதை நாம் அறிவோம்.

சில வாரங்களுக்குப் பின் ஃபுஜிட்டா நாகசாகிக்கும் ஹிரோஷிமாவுக்கும் சென்று சேதத்தை ஆராய்ந்தார். கல்லறைகளின் முன் பூ வைப்பதற்காக நட்டிருந்த மூங்கில் குவளைகளில், வெப்பம் பட்ட பக்கம் கருகியிருந்தது. பல கல்லறைகளில் அந்தக் கருகிய தடத்தின் கோணத்தைக் கணக்கிட்டு, குண்டு எந்த உயரத்தில் வெடித்தது என்பதை அவர் மதிப்பிட்டார். வெடித்த இடத்திற்கு நேர் கீழே மரங்கள் நின்றபடி இருந்தன. சுற்றிலும் இருந்தவை நட்சத்திரக் கதிர்கள் போல வெளிநோக்கிச் சாய்ந்திருந்தன. இந்தக் காட்சி அவர் மனத்தில் பதிந்து கிடந்தது. அது முப்பதாண்டுகளுக்குப் பின் பயன்பட்டதைப் பின்னர் காண்போம்.

1953-இல் சிகாகோவுக்கு அழைக்கப்பட்ட ஃபுஜிட்டா, 1957 ஜூன் 20 அன்று வட டக்கோட்டா மாநிலத்தின் ஃபார்கோ நகரைத் தாக்கிய சுழற்காற்றை ஆராய்ந்தார். பொதுமக்கள் எடுத்திருந்த நூற்றுக்கும் மேற்பட்ட புகைப்படங்களைத் திரட்டி, ஒவ்வொன்றும் எந்த இடத்திலிருந்து, எந்த நிமிடத்தில் எடுக்கப்பட்டது என்று கணக்கிட்டு, அந்தக் காற்றின் வாழ்க்கை வரலாற்றையே எழுதினார். இத்தனைக்கும் 1982 வரை ஒரு சுழற்காற்றையேனும் அவர் நேரில் கண்டதில்லை. காற்று விட்டுச் சென்ற தடங்களையே அவர் படித்து வந்தார்.

குருத்து ஞாயிறு விமானப் பயணத்தில் மக்காச்சோள வயல்களின் மேல் விந்தையான வளையக் கோடுகள் தெரிந்தன. கனமான ஏதோ ஒரு பொருள் நிலத்தைக் கீறிச் சென்ற தழும்புகள் இவை என்று அறிஞர் சிலர் முன்னர் கருதியிருந்தனர். தரையில் இறங்கிப் பார்த்தபோது அவை கீறல்கள் அல்ல என்பது தெரிய வந்தது. சோளத்தட்டைத் துண்டுகள் வரிசையாகக் குவிந்து கிடந்ததே வானிலிருந்து கோடாகத் தெரிந்தது. பெரிய சுழலுக்குள் சிறுசிறு சுழல்கள் சுற்றி வருகின்றன என்ற முடிவுக்கு ஃபுஜிட்டா வந்தார். ஒரு வீடு தரைமட்டமாகவும் பக்கத்து வீடு ஓடு கலையாமலும் நிற்பதன் காரணத்தை இது விளக்கியது. இந்த ஆய்வு 1970-இல் வெளிவந்தது. அதை எழுதிய மூவருள் டாரதி பிராட்பரி என்ற பெண்மணியும் ஒருவர் என்பது நமக்கு ஊக்கமளிக்கும் செய்தியாகும்.

ஆய்வு நடைபெறும் முறை

இனி, நாட்டுப்புறமொன்றில் சேத ஆய்வு எவ்வாறு நடைபெறுகிறது என்பதைப் படிப்படியாகக் காண்போம்.

1. மீட்புப் பணியே முதன்மை. உயிருடன் இருப்போரைத் தேடும் பணிக்கு இடையூறு செய்யாமல், அதிகாரிகளின் இசைவைப் பெற்ற பின்னரே ஆய்வாளர் நுழைகின்றனர். ஆனால் நெடுநாள் காத்திருக்கவும் இயலாது. இடிபாடுகளை அகற்றும் இயந்திரங்கள் வந்துவிடும். உழவரும் நிலத்தைத் திருத்தத் தொடங்கிவிடுவர். அதற்குள் சான்றுகள் மறைந்து போகும்.

2. புறப்படுவதற்கு முன் முந்தின இரவின் ரேடார் பதிவுகளைப் பார்த்து, மேகத்தின் சுழற்சி எந்த ஊர்களின் மேல் சென்றது என்று வரைபடத்தில் குறிக்கின்றனர். பல சுழற்காற்றுகள் வீசிய நாளில் இது மிகவும் இன்றியமையாதது. இரண்டு பாதைகளை ஒன்றென்றோ, ஒன்றை இரண்டென்றோ கருதிவிட இடமுண்டு.

3. பாதையின் தொடக்கத்தையும் முடிவையும் கண்டுபிடிக்க வேண்டும். முதலில் ஒடிந்த கிளை எது, கடைசியாகச் சாய்ந்த வேலி எது என்று தேடுகின்றனர். பின்னர் பாதையைக் குறுக்காகக் கடந்து, சேதம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்து அகலத்தை அளக்கின்றனர்.

4. ஒவ்வொரு சேதத்தையும் படமெடுத்து, அதன் அட்சரேகை, தீர்க்கரேகையுடன் பதிவு செய்கின்றனர். முற்காலத்தில் காகிதமும் பென்சிலுமே கருவிகள். இப்போது செயற்கைக்கோள் வழியே இடத்தைக் காட்டும் கைக்கருவியில் அங்கேயே பதிந்து விடுகின்றனர். சாலையில்லாத இடங்களை ஆளில்லாச் சிறு விமானங்களும், காட்டில் விழுந்த நீண்ட வடுவைச் செயற்கைக்கோள் படங்களும் காட்டுகின்றன.

5. விழுந்த மரங்களின் திசையை நோக்குகின்றனர். பாதையின் இரு புறங்களிலும் உள்ள மரங்கள் நடுக்கோட்டை நோக்கிச் சாய்ந்து, ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகக் கிடந்தால் அது சுழற்காற்றின் கையெழுத்து. எல்லா மரங்களும் ஒரே திசையில் சீவியது போலக் கிடந்தால் அது நேராக வீசிய காற்று. ஊரார் அனைவரும் சுழற்காற்று என்று சொன்னாலும் மரங்கள் வேறு விதமாகச் சாட்சி சொல்வதுண்டு.

6. கட்டடம் கட்டப்பட்ட விதத்தை ஆராய்கின்றனர். இதுவே ஆய்வின் உயிர்நாடி. கூரை சுவருடனும், சுவர் அடிமரத்துடனும், அடிமரம் கான்கிரீட் தளத்துடனும் சங்கிலி போல இணைந்திருக்க வேண்டும். அமெரிக்க நாட்டுப்புற வீடுகள் பெரும்பாலும் மரத்தாலானவை. தளத்தில் புதைத்த போல்ட்டும் நட்டும் கொண்டு இறுக்கிய வீடா, வெறும் ஆணி அடித்த வீடா என்று பார்க்கின்றனர். வெறும் ஆணி அடித்த வீடு துடைத்து எறியப்பட்டாலும் அதைக் கொண்டு காற்று மிகக் கொடியது என்று சொல்லிவிட முடியாது. அதே வீட்டின் முற்றத்தில் செடிகள் ஒடியாமல் நின்றால் ஐயம் இன்னும் வலுக்கும்.

7. மோதலால் நேர்ந்த சேதத்தைப் பிரித்தறிகின்றனர். காற்றே சுவரைத் தள்ளியதா, அல்லது காற்று தூக்கி வந்த வண்டி மோதிச் சுவர் விழுந்ததா என்று பார்க்க வேண்டும்.

8. மக்களிடம் கேட்கின்றனர். காற்று எப்போது வந்தது, எச்சரிக்கை எவ்வாறு கிடைத்தது, எங்கே பதுங்கினர் என்று வினவுகின்றனர். அனைத்தையும் இழந்தவரிடம் கேள்வி கேட்பது எளிதன்று. முதலில் ஆறுதல் கூறி, அவர் பேச விரும்பினால் மட்டுமே கேட்பது பண்பாகும். உயிர் தப்பியவர் எந்த அறையில் இருந்தார் என்ற ஒரு செய்தி, பிற்காலத்தில் வேறொருவரின் உயிரைக் காக்கக் கூடும்.

வயல்வெளிகளில் இந்த வேலை இன்னும் கடினமானது. ஒரு பண்ணைக்கும் அடுத்த பண்ணைக்கும் இடையே சில கிலோமீட்டர் இருக்கலாம். இடையில் இருப்பவை வேலிக் கம்பி, மின்கம்பம், தகரத்தாலான தானியக் குதிர், சக்கரங்களின்மேல் நின்று வயலைச் சுற்றி வரும் நீர்ப்பாய்ச்சும் குழாய் ஆகியவையே. காலியான குதிர் சாதாரணப் பலத்த காற்றிலும் உருண்டோடும்; ஆகவே அதன் சாட்சியத்திற்கு வலிமை குறைவு. பட்டை உரிந்து மொட்டையாக நிற்கும் மரமோ மிகக் கொடிய காற்றையே காட்டும்.

சேதத்தை அளக்கும் கோல்

1971-இல் ஃபுஜிட்டா தம் பெயரால் வழங்கும் அளவுகோலை வெளியிட்டார். 0 முதல் 5 வரை ஆறு படிகளில் சுழற்காற்றுகள் வகுக்கப்பட்டன. சுழற்காற்றுக்குள் கருவியை வைத்து வேகத்தை அளப்பது ஏறக்குறைய இயலாத செயல். எனவே சேதத்தைப் பார்த்து வேகத்தை ஊகிப்பதே இதன் வழி.

ஆனால் ஊகத்தில் குறை இருந்தது. 1970 மே 11 அன்று டெக்சஸ் மாநிலத்தின் லபக் நகரைத் தாக்கிய சுழற்காற்றில் 26 பேர் மாண்டனர். அவ்வூர்ப் பல்கலைக்கழகப் பொறியியல் ஆசிரியர்கள் இடிபாடுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தனர். அவர்களுள் ஒருவர் இந்தியாவில் பிறந்த கிஷோர் மேத்தா. நாம் நினைப்பதைவிடக் குறைந்த வேகத்திலேயே சாதாரண வீடுகள் விழுந்துவிடுகின்றன என்பதை இத்தகைய ஆய்வுகள் காட்டின. பல ஆண்டு உழைப்புக்குப் பின் மேத்தாவும் அவருடன் பணியாற்றிய ஜேம்ஸ் மெக்டொனால்டும் முன்னின்று திருத்திய அளவுகோலை உருவாக்கினர். அது 2007 பிப்ரவரி 1 முதல் அமெரிக்காவில் வழக்கில் உள்ளது. அதன்படி மணிக்குக் காற்றின் வேகம் வருமாறு:

படி 0 - 105 முதல் 137 கி.மீ.
படி 1 - 138 முதல் 177 கி.மீ.
படி 2 - 178 முதல் 217 கி.மீ.
படி 3 - 218 முதல் 266 கி.மீ.
படி 4 - 267 முதல் 322 கி.மீ.
படி 5 - 322 கி.மீ.க்கு மேல்

இதில் சேதத்தைக் காட்டும் பொருள்கள் 28 வகையாகப் பிரிக்கப்பட்டுள்ளன. பண்ணைக் கொட்டகை, குடியிருப்பு வீடு, பள்ளிக்கூடம், மின்கம்பம், மரம் என்று பட்டியல் நீள்கிறது. ஒவ்வொன்றுக்கும் சேதத்தின் படிகள் தனித்தனியே உண்டு. சாதாரண வீட்டை எடுத்துக் கொண்டால், கூரையின் மேலுறை சிறிது பிய்ந்து போக மணிக்கு ஏறத்தாழ 125 கி.மீ. வேகம் போதும். கூரையின் பெரும்பகுதி பறந்து சுவர்கள் மட்டும் நிற்க ஏறத்தாழ 195 கி.மீ. வேண்டும். சுவர்கள் அனைத்தும் விழ ஏறத்தாழ 275 கி.மீ. வேண்டும். நன்கு கட்டிய வீடு தளத்தை மட்டும் விட்டு முற்றிலும் துடைக்கப்பட ஏறத்தாழ 320 கி.மீ. தேவைப்படும்.

இந்த எண்களைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். சுழற்காற்றுகளில் பெரும்பாலானவை முதலிரண்டு படிகளைச் சேர்ந்தவை. ஒழுங்காகப் பிணைத்துக் கட்டிய வீடு அவற்றைத் தாங்கி நிற்கும். கூரைக்கும் சுவருக்கும் இடையே ஒரு சிறு இரும்புப் பட்டை இருந்திருந்தால் ஒரு குடும்பம் பிழைத்திருக்கும் என்பதைச் சொல்ல ஆய்வாளரால் முடிகிறது.

விழுந்தவற்றை மட்டுமல்ல, விழாமல் நின்றவற்றையும் ஆய்வாளர் குறித்துக் கொண்டனர். வீடு முழுவதும் தகர்ந்த இடங்களிலும் நடுவிலிருந்த சிறிய அறையோ பொருளறையோ அப்படியே நிற்பதைப் பலமுறை கண்டனர். லபக் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஏர்ன்ஸ்ட் கீஸ்லிங் 1974-இல், வீட்டுக்குள்ளேயே ஒரு சிறு அறையை உறுதியாகக் கட்டிப் புகலிடமாக்கலாம் என்று எழுதினார். அதற்கான கட்டுமான விளக்கநூலை 1998-இல் அமெரிக்க அரசே வெளியிட்டது. இன்று அந்நாட்டில் பல வீடுகளிலும் பள்ளிகளிலும் அத்தகைய அறைகள் உள்ளன.

வயலில் எழுதாத காற்று

இந்த முறைக்கு எல்லையும் உண்டு. காற்று கொடியதாயினும், அது வெறும் புல்வெளியில் சென்றால் எதைக் கொண்டு அளப்பது? 2013 மே 31 அன்று ஒக்லகோமா மாநிலத்தின் எல் ரீனோ அருகே வயல்வெளியில் வீசிய சுழற்காற்று 4 கி.மீ.க்கும் அதிக அகலமுடையது. வண்டியில் கொண்டு செல்லும் ரேடார் அதில் மணிக்கு 450 கி.மீ.க்கும் மேற்பட்ட வேகத்தைக் காட்டியது. எனினும் தரையில் கண்ட சேதம் 3-ஆம் படிக்கே உரியதாக இருந்தது. இடையில் 5 என்று அறிவிக்கப்பட்ட மதிப்பு பின்னர் 3 என்று திருத்தப்பட்டது. பலருக்கு இது ஏமாற்றமாக இருந்தது. ஆனால் தரையில் கண்டதையே எழுதுவது என்று ஒரு விதி இருக்கும்போது, ஒரு நாளுக்காக அதைத் தளர்த்தினால் ஐம்பது ஆண்டுப் பதிவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட முடியாமற் போகும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2025 ஜூன் 20 அன்று வட டக்கோட்டாவின் எண்டர்லின் அருகே வீசிய சுழற்காற்றில் மூவர் இறந்தனர். தொடக்கத்தில் அதற்கு 3-ஆம் படி அளிக்கப்பட்டது. ஆனால் அதன் பாதையில் ஒரு சரக்கு ரயில் இருந்தது. தானியம் நிறைந்த பெட்டிகள் கவிழ்ந்திருந்தன. காலியான தொட்டிப் பெட்டி ஒன்று ஏறத்தாழ 145 மீட்டர் தூரத்திற்கு எறியப்பட்டிருந்தது. ரயில் பெட்டி அந்த 28 பொருள்களுள் ஒன்றன்று. ஆகவே பொறியாளர்கள் பல வாரங்கள் செலவிட்டு, அத்தனை எடையைத் தூக்கி எறிய எவ்வளவு காற்று வேண்டும் என்று கணக்கிட்டனர். அவ்வாண்டு அக்டோபரில் அது 5-ஆம் படி என்று அறிவிக்கப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகளில் அந்த மதிப்பைப் பெற்ற முதல் சுழற்காற்று அதுவே. சான்று போதாதபோது குறைத்து எழுதுவதும், சான்று கிடைத்தபோது உழைத்துத் திருத்துவதும் நேர்மையின் இரு முகங்கள்.

மரங்கள் சொன்ன மற்றொரு செய்தி

1974 ஏப்ரல் 3, 4 நாட்களில் 24 மணி நேரத்திற்குள் அமெரிக்காவின் 13 மாநிலங்களில் 148 சுழற்காற்றுகள் வீசின. 300-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஃபுஜிட்டாவும் அவருடைய குழுவினரும் அந்தப் பாதைகள் அனைத்தையும் ஆராய்ந்து ஒரே வரைபடத்தில் தீட்டினர். அப்போது காடொன்றின் மேல் பறக்கையில், மரங்கள் சுழற்சியாக விழாமல் நட்சத்திரக் கதிர்கள் போல வெளிநோக்கி விழுந்திருப்பதை அவர் கண்டார். நாகசாகியிலும் ஹிரோஷிமாவிலும் கண்ட காட்சி நினைவுக்கு வந்தது. மேகத்திலிருந்து காற்று அருவி போலக் கீழிறங்கித் தரையில் மோதிச் சிதறியிருக்க வேண்டும் என்று கருதினார்.

அடுத்த ஆண்டு, 1975 ஜூன் 24 அன்று, நியூயார்க் விமான நிலையத்தில் இடிமழையினூடே இறங்கிய விமானம் ஒன்று விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன் காரணமும் இந்தக் கீழிறங்கு காற்றே என்று ஃபுஜிட்டா விளக்கினார். ஏற்காதோர் பலர் இருந்தனர். 1978-இல் சிகாகோ அருகே ரேடார்களை நிறுவி அத்தகைய காற்று உண்டென்பதை அவர் மெய்ப்பித்தார். அதன் பின்னர் விமான நிலையங்களில் இதற்கென ரேடார்கள் அமைக்கப்பட்டன. விமானிகளுக்கும் பயிற்சி அளிக்கப்பட்டது. நாட்டுப்புறக் காட்டில் சாய்ந்து கிடந்த மரங்களை ஒருவர் பொறுமையாகப் பார்த்ததன் பயனை, இன்று விமானத்தில் செல்லும் ஒவ்வொருவரும் பெறுகின்றனர்.

ஒவ்வோர் ஊருக்கும் ஒரு கோல்

சுழற்காற்று அமெரிக்காவுக்கு மட்டும் உரியதன்று. 1989 ஏப்ரல் 26 அன்று வங்காளதேசத்தின் மாணிக்கஞ்சு மாவட்டத்தில் வீசிய சுழற்காற்றில் ஏறத்தாழ 1,300 பேர் இறந்தனர் என்பர். உலகில் பதிவான சுழற்காற்றுகளுள் மிகுந்த உயிர்ச்சேதம் விளைவித்தது அதுவே. அங்கு மடிந்தோர் பெரும்பாலும் எளிய குடியிருப்புகளில் வாழ்ந்த கிராம மக்கள். அமெரிக்க அளவுகோலின் 28 வகைகளில் மண்சுவரும் ஓலைக்கூரையும் இடம்பெறவில்லை. ஆகவே சேதத்தை அளக்கும் கோல் அந்தந்த நாட்டு வீட்டை அறிந்ததாக இருக்க வேண்டும். ஜப்பான் 2016-இல் தனக்கென ஓர் அளவுகோலை ஏற்றுக்கொண்டபோது, தன் நாட்டு வீடுகளுடன் கல்லறைக் கற்களையும் அதில் சேர்த்துக்கொண்டது. ஏழையின் குடிசை எந்தக் காற்றில் எவ்வாறு விழுகிறது என்று குறித்து வைத்தால்தான், அடுத்த குடிசையை எங்கே பிணைக்க வேண்டும் என்று சொல்ல முடியும்.

நாமும் செய்து பார்க்கலாம்

பலத்த காற்று அடித்து ஓய்ந்த பின், பெரியோர் இசைவுடன், அறுந்த மின்கம்பிகள் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, நாமும் ஒரு சிறு சேத வரைபடம் தீட்டலாம். தெருவையோ தோட்டத்தையோ தாளில் வரைந்து, விழுந்த ஒவ்வொரு மரத்திற்கும் ஓர் அம்புக்குறி இட வேண்டும். அம்பின் முனை மரத்தின் உச்சி கிடக்கும் திசையைக் காட்டட்டும். வேரோடு சாய்ந்ததா, நடுவில் முறிந்ததா என்று பக்கத்தில் எழுத வேண்டும். வாழை சாய்வதற்கும், முருங்கை முறிவதற்கும், புளியமரம் வேரோடு விழுவதற்கும் வேண்டிய காற்று ஒன்றல்ல என்பது நமக்குத் தெரிந்ததே. மழையில் ஊறிய மண்ணில் நல்ல மரமும் எளிதில் சாயும் என்பதையும் மறக்கலாகாது. விழுந்தவற்றைக் குறித்தது போலவே அருகில் விழாமல் நின்றவற்றையும் குறிக்க வேண்டும். பார்த்ததை மட்டும் எழுதி, கேள்விப்பட்டதைத் தனியே எழுதி வைத்தால் அதுவே விஞ்ஞானத்தின் முதற்படி.

முடிவுரை

ஐந்து அப்பங்களால் ஐயாயிரம் பேர் பசியாறிய பின், எஞ்சிய துண்டுகளைச் சேர்த்து வைக்குமாறு ஆண்டவர் சீடர்களைப் பணித்தார் என்றும், பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன என்றும் வாசிக்கிறோம். புல்தரையில் சிதறிய துண்டுகளுக்கும் ஒரு பயன் இருந்தது. காற்று சிதறடித்த வீட்டின் துண்டுகளும் அவ்வாறே. யாரும் குனிந்து பாராவிட்டால் அவை வெறும் குப்பையாகும். இறந்தோரின் துயரம் யாருக்கும் பாடமாகாமல் போகும். ஒருவர் பொறுமையுடனும் நேர்மையுடனும் அவற்றைப் பார்த்து எழுதி வைத்தால், முகமறியாத ஒருவரின் வீடு நிற்கும். முகமறியாத ஒரு குழந்தை பிழைக்கும். பிறரன்புப் பணி என்றவுடன் நாம் சோறூட்டும் கையையும் காயம் கட்டும் கையையும் நினைக்கிறோம். இடிந்த சுவரின் அருகே அமர்ந்து குறிப்பெடுக்கும் கையும் அந்தப் பணியையே செய்கிறது. நாளை புவியியல் அறிஞராகவோ, பொறியாளராகவோ, வானிலை ஆய்வாளராகவோ விளங்கவிருக்கும் நம் தோழியருக்கு இத்துறை காத்திருக்கிறது.